எண்ணிக்கை சரியாக இருந்தது

போன மாதம் ஒரு தலைமை ஆசிரியை எனக்கு போன் செய்தார். சங்கராபுரம் பக்கத்துப் பள்ளி. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தேர்தலில் நிற்கலாமா என்று யோசிக்கிறாராம். "நீங்க நின்னு ஜெயிச்சவங்க. எப்டி இருக்கும்னு சொல்லுங்க மேடம்" என்றார். வயிற்றைப் பிசையும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஒரு தவணை, ஐந்து வருடம், சட்டமன்ற உறுப்பினராக இருந்தேன். அந்த ஐந்து வருடமும் போன் மணி அடித்தால் என் கை முதலில் வயிற்றுக்குப் போகும், அப்புறம்தான் போனுக்குப் போகும். இதையெல்லாம் போனில் சொன்னால் கேட்பவருக்கும் பிடிபடாது, எனக்கும் மூச்சு வாங்கும். அதனால் எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. விழுப்புரத்தில் படித்தேன், அட்டையில் படம் ஒட்டினேன், மாதிரிப் பாடம் நடத்தினேன், சான்றிதழ் கைக்கு வந்தது. கற்றுக்கொண்டதெல்லாம் முதல் வேலையில்தான். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி, ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. நான் கணக்கு டீச்சர். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கினால் எனக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே ஏறுவேன். கீழே இருந்து வந்தவள் எத்தனை நாள் தாங்குவாள் என்று சமையல்காரர் உட்பட எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அங்கே தலைமை ஆசிரியர் ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். பிள்ளைகளைக் கீழே அழைத்துப் போகும் நாளில் மட்டும் ஆளே மாறிவிடுவார். அப்போது பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத மலைப் பிள்ளைகள் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். கடைசிப் பரீட்சை முடிந்ததும் அவர்களைச் சின்னசேலம் கூட்டிப்போய் ரயில் காட்டுவது அவர் வழக்கம். ரயில் வரும்போது பிள்ளைகள் எல்லோரும் ஸ்டேஷன் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். ரயில் போனபிறகுதான் எங்களுக்குத் திகில். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்றே தெரியாது.

முதல் முறை போனபோது நான் விரலை நீட்டித் தலைகளை எண்ணத் தொடங்கினேன். அவர் என் கையைக் கீழே இறக்கினார்.

"தலைய எண்ணாதீங்க டீச்சர். தலை பொய் சொல்லும். வெளியூர்ப் பையன் எவனாச்சும் நடுவுல வந்து உக்காந்திருந்தாலும் கணக்கு சரியாத்தான் வரும். ஜோடியக் கேளுங்க."

புறப்படும் முன்பே பள்ளி மைதானத்தில் அவர் ஜோடி பிரித்திருப்பார். பஸ் கிளம்பும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்வி: உன் ஜோடி எங்கே? அதிலும் ஒரு வித்தை வைத்திருந்தார். சிநேகிதர்களை ஒருபோதும் ஜோடி போட மாட்டார். போன வாரம் யார் யார் அடித்துக்கொண்டார்கள் என்று விசாரித்து, அந்த இருவரை இணைத்துவிடுவார். எனக்கு இது அநியாயமாகப் பட்டது. கேட்டே விட்டேன்.

"சிநேகிதக்காரங்க சேந்தே தொலைஞ்சி போவாங்க டீச்சர். சண்டைக்காரன் அப்டி இல்ல. அவன் எங்க போறான், இன்னா துன்றான்னு பாத்துக்கினே இருப்பான், நம்மகிட்ட வந்து போட்டுக் குடுக்கறதுக்கு. அதான் நமக்கு வேணும்" என்றார்.

அந்த மனிதரிடம் வேலை பார்த்த வருடங்களில் ஒரு பிள்ளைகூடத் தொலையவில்லை. கீழே இறங்கி, வெவ்வேறு ஊர்களில் வேலை பார்த்து, நானே தலைமை ஆசிரியை ஆன பிறகும் அந்த முறையைத்தான் வைத்திருந்தேன். சுற்றுலா என்றால் மற்ற டீச்சர்கள் புளியோதரை கட்டுவார்கள், நான் யார் யாருக்குள் சண்டை என்று விசாரித்துக்கொண்டிருப்பேன்.

அரசியலுக்கு நான் வந்தது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. என் மாமனார் குடும்பம் கட்சிக் குடும்பம். அந்த முறை எங்கள் தொகுதியில் இரண்டு கோஷ்டிகள் சீட்டுக்கு மல்லுக்கு நின்றன. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் உள்ளே இருந்தே குழி பறிப்பார். ரெண்டு பேருக்கும் வேண்டாதவராக இல்லாத ஆளாகப் பாருங்கள் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். "டீச்சருக்கு யாருங்க எதிரி, கணக்குல பெயிலானவனத் தவிர?" என்று எவரோ சொன்னதாகக் கேள்வி. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். எனக்குக் கொண்டாட்டம் ஒன்றும் இல்லை, தூக்கம்தான் போனது. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். நின்றேன். ஜெயித்தும் விட்டேன்.

பதவி ஏற்ற அன்று சபையில் என் பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு எழுந்தேன். அதன்பிறகு ஐந்து வருடமும் எதையாவது விழுங்கிக்கொண்டுதான் எழுந்தேன். பேச எழுந்தால் தலைவரைப் பாராட்ட வேண்டும், அமைச்சரைப் பாராட்ட வேண்டும், மாவட்டத்தைப் பாராட்ட வேண்டும். மலைக்கு ரோடு வேண்டும் என்று சொல்லப் போகும்போது மணி அடித்துவிடுவார்கள். பாடம் ஆரம்பிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும் பள்ளிக்கூடத்தை நான் அங்கேதான் பார்த்தேன். ஊருக்குத் திரும்பினால் காது குத்து, கல்யாணம், சாவு. எந்தச் சாவுக்குப் போகவில்லையோ அதைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கும். அந்தப் பயத்திலேயே காரில் மாலை எப்போதும் தயாராக இருக்கும்.

இதற்கெல்லாம் மேலே எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர் இருந்தார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மணலூர்பேட்டைப் பக்கம் பெரிய கரும்பு விவசாயி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் மாமியார் இறந்தபோது மூன்று நாளும் வந்து நின்றவர். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் எனக்குப் பரீட்சை ஹாலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்தும் யாரும் கேட்டதில்லை. "பாப்போம் டீச்சர்" என்றால் ஒருவேளை நடக்கும். "பாத்துக்கலாம் டீச்சர்" என்றால் நடக்கவே நடக்காது. இந்த வித்தியாசம் புரியாமல் முதல் வருடம் முழுக்க நான் வேலை நடக்கும் என்று காத்திருந்து ஏமாந்தேன். கோபம் வந்தால் முகம் இன்னும் சாந்தமாகிவிடும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே மேஜையில் இருக்கும் போனை எடுத்துத் துடைப்பார். அப்படித் துடைக்கத் தொடங்கினால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது கட்சிக்காரர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். யாருக்கு மறுபடி சீட்டு, யாருக்கு இல்லை என்று மேலே எழுதி அனுப்புபவர் அவர்தான்.

நான்காம் வருடம் மகளிர் மாநாடு வந்தது. சேலத்துக்கு இந்தப் பக்கம், அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு பெரிய திடல். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் இத்தனை பெண்கள் வந்தாக வேண்டும் என்று கட்டளை. எல்லோருக்கும் ஒரே சேலை கொடுத்தார்கள். ஊதாச் சேலை, மஞ்சள் கரை. மேடையிலிருந்து பார்த்தால் கடல் மாதிரி இருக்க வேண்டுமாம். எங்கள் தொகுதிக்கு மலையிலிருந்தும் ஆள் கேட்டார்கள். அதில் பல பெண்கள் கள்ளக்குறிச்சிக்கே ஆஸ்பத்திரி என்றால்தான் வருபவர்கள். சேலம் திசையே தெரியாது.

விடிகாலையில் வெள்ளிமலை போய் நானே அவர்களை வேனில் ஏற்றினேன். ஏற்றும் முன் பழக்க தோஷம் விடவில்லை. எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து ஜோடி பிரித்தேன். வேன் பொறுப்பாளர் சேகர் நல்ல பையன், கச்சிராயபாளையத்துக்காரன். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இன்னா டீச்சர், மாநாட்டுக்குப் போறமா, பிக்னிக் போறமா?"

"நீ வண்டியப் பாரு சேகர்" என்றேன்.

பொன்னாயியும் காளியம்மாவும் ஓரகத்திகள், அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரு கடுக்காய் மரம் யார் பங்கு என்பதில் தகராறு. இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து மனுக் கொடுத்தவர்கள். ஒருத்தி வாசலில் நின்றால் மற்றவள் தெருவில் நிற்பாள். பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது. அவர்கள் இருவரையும்தான் ஜோடி போட்டேன். காளியம்மா என்னை எரிப்பது போலப் பார்த்தாள். பொன்னாயி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எப்போதுமே அப்படித்தான், யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள்.

மாநாடு நன்றாகத்தான் நடந்தது. கடல் மாதிரி இருந்தது என்று மேடையில் சொன்னார்கள். அந்தக் கடலுக்குக் கழிவறை மட்டும் போதவில்லை. பெண்கள் கூட்டம் கூட்டமாகத் திடலுக்குப் பின்னால் கருவேலங்காட்டைத் தேடிப் போவதை மேடையிலிருந்தே பார்த்தேன். வெயில் சாயும் நேரத்தில் கூட்டம் கலைந்தது. நான் மாவட்டச் செயலாளரின் காரில் போவது, என் கார் பின்னால் வருவது என்று ஏற்பாடு. அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வேன்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். கால் தானாக ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டால் எனக்கு இன்றும் அப்படித்தான்.

சேகர் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான்.

"எண்ணிட்டேன் டீச்சர். ரெண்டு வாட்டி எண்ணிட்டேன். கணக்கு சரியா இருக்கு. கெளம்பட்டுமா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனாலும் மனசு கேட்காமல் உள்ளே ஏறி ஒவ்வொருத்தியாகக் கேட்டேன், உன் ஜோடி எங்கே என்று. "இதோ", "இருக்குதுங்க", "பக்கத்துல தூங்கறா" என்று பதில் வந்துகொண்டே இருந்தது. காளியம்மாவிடம் வந்தபோது பதில் வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"காளியம்மா, உன் ஜோடி?"

"அந்தப் பொம்பள வர்ல."

பெயரைச் சொன்னால் பல்லு விழுந்துவிடும் போல. சேகர் "கணக்கு சரியா இருக்கே டீச்சர்" என்று மறுபடி எண்ணினான். மறுபடியும் சரியாக வந்தது. கடைசி சீட்டில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணைத் தட்டி எழுப்பினேன். அதே ஊதாச் சேலை, அதே மஞ்சள் கரை. முகம் மட்டும் எனக்குத் தெரியாத முகம்.

"நீங்க எந்த ஊரும்மா?"

"வாழப்பாடிங்க. எங்க வண்டி முன்னாடியே போய்ட்டுது. போற வழிதானேன்னு ஏறிக்கினேன்" என்றாள், தூக்கக் கலக்கத்தில், கொஞ்சம் வெட்கத்தோடு.

மலைத் தலைமை ஆசிரியர் சொன்ன அதே கதை. தலை பொய் சொல்லிவிட்டது. அவர் சொன்னது நிஜமாக நடக்கும் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் எதிர்பார்க்கவில்லை. வேனை விட்டு இறங்கினேன். திடலைப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை ஊதாச் சேலைகள் நாலா பக்கமும் போய்க்கொண்டிருந்தன. அதில் ஒருத்தியைத் தேட வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காளியம்மா சொன்னதிலிருந்து இவ்வளவு தெரிந்தது: மத்தியானத்துக்கு மேல் பொன்னாயி கருவேலங்காட்டுப் பக்கம் ஒதுங்கப் போயிருக்கிறாள். காளியம்மா பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். திரும்பி வருவாள் என்று நினைத்திருக்கிறாள். நடுவில் தலைவர் மேடைக்கு வந்ததும் எல்லோரும் எழுந்து நிற்க, கண் தவறிவிட்டது. பேச்சுவார்த்தை இல்லாததால் கூப்பிடவும் இல்லை. பொன்னாயியிடம் போன் கிடையாது.

மேடைக்கு ஓடினேன். மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மைக் செட்காரர் கையை விரித்தார். "மா.செ. சொன்னாதாங்க மேடம் தர முடியும்." கட்சியில் எல்லோரும் அவரை அப்படித்தான் சுருக்கிச் சொல்வார்கள். அவருக்குப் போன் போட்டேன்.

"எங்கங்க டீச்சர் போயிட்டீங்க? கார்ல உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருக்கேன்" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். மூச்சிரைத்ததில் பாதி வார்த்தை சரியாக வரவில்லை. போனைத் துடைத்துக்கொண்டே பேச முடியாதே என்று அந்தப் பதற்றத்திலும் எனக்குத் தோன்றியது.

"மைக்ல ஆளக் காணோம்னு சொன்னா, நாளைக்கி பேப்பர்ல மாநாடு வராதுங்க டீச்சர், அதான் வரும். டிவிக்காரங்க இன்னும் போவல. எங்கயாச்சும் வேற வண்டில ஏறிப் போயிருப்பாங்க. காலைல பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்றார். பாப்போம் என்றுகூடச் சொல்லவில்லை.

வேனை அனுப்பிவிட்டு, என் காரில் சேகரையும் காளியம்மாவையும் ஏற்றிக்கொண்டேன். காளியம்மா தானாகவே வந்து ஏறினாள், நான் கூப்பிடவில்லை. ரோட்டோரக் கடை கடையாக நிறுத்தி விசாரித்தோம். "ஊதாச் சேலை, மஞ்சள் கரை, ஒல்லியா, கறுப்பா, தனியா ஒரு அம்மா போனாங்களா?" ஒரு இளநீர்க்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னிக்கிப் பூரா அந்தச் சீலதாம்மா போய்க்கினு இருக்குது. நீங்க எதத் தேடறீங்க?" என்றார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. நான் காரில் உட்கார்ந்து என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வழிச் சாலை, லாரி, கிணறு, குடிகாரர்கள். காளியம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கையை நீட்டினாள்.

"அது இன்னா மலைங்க?"

"அது ஏற்காட்டு மலைம்மா" என்றான் சேகர்.

"அந்தப் பொம்பள அதப் பாத்துதான் நடந்திருக்கும். கீழ எறங்கினா எங்களுக்கு வழி தெரியாதுங்க. மலை எங்க தெரியுதோ அங்க நடந்தா வூடு வந்துடும்னு நெனைப்போம்."

சேகர் "அது எவ்ளோ தூரம் தெரியுமா" என்று ஆரம்பித்தான். நான் அவனை அடக்கிவிட்டு டிரைவரிடம் மலைப் பக்கம் திருப்பச் சொன்னேன். அடிவாரம் நோக்கிப் பல ரோடுகள் கிளை பிரிகின்றன, ஒற்றையடிப் பாதைகளுக்குக் கணக்கே இல்லை. இருட்டியதும் தேடுவதில் அர்த்தம் இல்லை என்று டிரைவர் சொன்னது சரிதான். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாக உட்கார வைத்தார், உள்ளே போனார், யாருடனோ பேசினார். அவர் வெளியே வரும் முன்பே என் போன் அடித்தது. கை வயிற்றுக்குப் போனது. மாவட்டச் செயலாளர்தான்.

"டீச்சர், வாயால சொன்னீங்கன்னா தேடச் சொல்றேன், இப்பவே ஆளு போவும். எழுதிக் குடுக்காதீங்க. எழுதினா மேல போய்டும். கட்சி மாநாட்டுல ஆளத் தொலைச்சிட்டு, கட்சி எம்.எல்.ஏ.வே புகார் குடுத்தாங்கன்னா நான் இன்னா பதில் சொல்றது? அடுத்த வாட்டிக்கு உங்க பேரத்தான் நான் சொல்லிக்கினு இருக்கேன். இத நீங்களே கெடுத்துக்காதீங்க."

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சீட்டு வேண்டும் என்று ஆசை இருந்தது. மலை ரோடு பாதியில் நின்றிருந்தது. இன்னொரு தவணை கிடைத்தால் முடித்துவிடலாம் என்று இருந்தேன். அதுவும் இல்லாமல், எம்.எல்.ஏ. என்று நாலு பேர் எழுந்து நிற்பது யாருக்குத்தான் கசக்கும்? அவரைப் பகைத்துக்கொள்ளப் பயமாக இருந்தது. ஆனால் வெள்ளிமலைப் பக்கம் பொன்னாயியின் வீட்டுக்காரர் இந்நேரம் ரோட்டுக்கு வந்து, வேன் வருகிறதா என்று நின்றிருப்பார். வேன் வரும், எல்லோரும் இறங்குவார்கள், அவள் இறங்க மாட்டாள். நாளைக்கு அந்த மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டும். வாயால் சொன்னால் ஆள் போகும் என்றார் அவர். எழுதாமல் போகும் ஆள் எதுவரை போகும் என்பது எனக்குத் தெரியும், நானும் ஆபீஸ் நடத்தியவள்தான். பெரிய பயம் சின்னப் பயத்தைத் தின்றுவிட்டது. பேப்பர் வாங்கி எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஸ்டேஷன் பெஞ்சிலேயே விடிந்தது. காளியம்மா தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சேகர் வாங்கி வந்த இட்லியை அவளும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

வெயில் ஏறத் தொடங்கியபோது தகவல் வந்தது. ஏற்காட்டு மலையின் பின்பக்க அடிவாரத்தில் வனத்துறைச் சாவடி ஒன்று இருக்கிறது. அதன் பக்கத்தில் ஊதாச் சேலை கட்டிய பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், ஊரைக் கேட்டால் வெள்ளிமலை என்கிறாள், அப்படி ஒரு ஊர் இந்தப் பக்கம் இல்லை என்று காவலர் சொல்லியிருக்கிறார். ராத்திரியே எல்லாச் சாவடிக்கும் சொல்லி வைத்திருந்ததால் உடனே ஸ்டேஷனுக்குச் செய்தி வந்தது.

நாங்கள் போனபோது பொன்னாயி காவலர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். காலில் செருப்பு இல்லை, பாதமெல்லாம் வெடித்து மண்ணும் ரத்தமுமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. நான் மண்ணில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு அழுதேன் என்று டிரைவர் இன்றும் சொல்லிக் காட்டுவார்.

"தப்புங்க டீச்சர். திரும்பி வந்தா ஒரே சீலையா இருந்துது. நம்மாளு யாருன்னே தெரில. யாரக் கேக்கறதுன்னு பயந்துக்கினு, மலை தெரியுதேன்னு நடந்துட்டேன். ரொம்ப நேரம் ஏறினேங்க. ஏறினப்புறம்தான் தெரிஞ்சிது, இது நம்ம மலை இல்ல. மரமெல்லாம் வேறயா இருந்துது. அப்டியே எறங்கி வந்துட்டேன்."

காளியம்மா காரைவிட்டு இறங்கவில்லை. ஆனால் தன் செருப்பைக் கழற்றிக் கதவு வழியாக வெளியே போட்டிருந்தாள். சேகர் அதை எடுத்து வந்து பொன்னாயியின் காலடியில் வைத்தான்.

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்று எழுந்தபோது இரண்டு கார்கள் வந்து நின்றன. மாவட்டச் செயலாளர் இறங்கினார். பின்னாலேயே டிவிக்காரர்கள். புகார் வெளியே தெரிந்துவிட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், முகம் மிகவும் சாந்தமாக இருந்தது. பொன்னாயிக்குச் சால்வை போர்த்தினார். அவள் நடுங்கிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டாள். மைக்குகள் நீண்டன.

"ஆளு தொலைஞ்சிட்டாங்கன்னு யாரோ வதந்தி கெளப்பிட்டாங்க" என்றார் அவர், யார் மேலும் கோபம் இல்லாத குரலில். "மாநாடு முடிஞ்சதும் இவங்க பக்கத்துல சொந்தக்காரங்க வூட்டுக்குப் போயிருக்காங்க. சொல்லாம போனதால நம்ம டீச்சர் பதறிட்டாங்க, அவ்ளோதான். பொம்பள மனசு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிருபர் மைக்கைப் பொன்னாயி பக்கம் திருப்பினார். "அப்படியாம்மா? சொந்தக்காரங்க வீட்டுக்கா போனீங்க?"

பொன்னாயி மாவட்டச் செயலாளரைப் பார்த்தாள். சால்வை போட்ட பெரிய மனிதர் சொன்னதைத் தட்டிப் பேசுகிற எண்ணம் அவளுக்குத் துளியும் இல்லை. அவருக்கு விவரம் தெரியாது, சொல்ல வேண்டும் என்றுதான் சொன்னாள்.

"கீழ எனக்கு சொந்தம்னு யாரும் இல்லீங்களே. இருந்திருந்தா அங்க போயிருப்பேனே சாமி."

மாவட்டச் செயலாளர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நிருபர் இப்போது என் பக்கம் திரும்பினார்.

"எம்.எல்.ஏ. மேடம், நீங்க சொல்லுங்க. எது உண்மை?"

மலை ரோடு, சீட்டு, அடுத்த வருடம், எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து போயின. என் வயிறு அன்று பிசைந்த மாதிரி என்றைக்கும் பிசைந்ததில்லை. பொன்னாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தம்மா சொல்றதுதாங்க" என்றேன்.